ஜாவா 8 ரிவ்யூ: சரக்கு நல்ல சரக்குதான், வச்சிருக்குற ஆபீஸ்தான்...

ரேட்டிங்க முதல்லயே போட்டுடுறேன், கடைசி வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணித் தேட வேணாம். ஜாவாங்குற ப்ரோக்ராமிங் லாங்குவேஜோட 8வது வெர்ஷன், அதாவது ஜாவா 8ங்குற ப்ராடக்ட்டுக்கு 5க்கு 4. ஜாவா 25 வந்தாச்சு, இன்னமும் 8லயே உக்காந்துகிட்டு "இப்ப என்ன அவசரம்"னு கேக்குற ஆபீஸுக்கு 5க்கு ஒன்னரை. அந்த அரை எதுக்குன்னு கீழ வரும்.

2014ல வந்த சாமானுக்கு இப்ப எதுக்குய்யா ரிவ்யூன்னு கேப்பீங்க. காலைல லாகின் பண்ணினதும் இன்னிக்கும் நிறைய பேர் கை வைக்கிற முதல் சாமானே இதுதான், அதுக்குத்தான். நியூ ரெலிக் கம்பெனி ஜாவா யூசேஜ் பத்தி ரிப்போர்ட் போடுவாங்க, 2020ல அவங்க பாத்த அப்ளிகேஷன்ல 84 சதவீதத்துக்கு மேல ஜாவா 8, 2024 ரிப்போர்ட்ல அது 29 சதவீதம் கிட்ட வந்துடுச்சு. நல்லா குறைஞ்சிருக்கேன்னு தோணும். ஆனா இது அவங்க மானிட்டரிங் டூல போட்டு வச்சிருக்குற அப்ளிகேஷன்களோட கணக்கு, அதாவது ஓரளவு காசு செலவு பண்ணி கவனிச்சுக்குற இடங்களோட கணக்கு. பேங்க் பேஸ்மென்ட்ல வெளி நெட்வொர்க்கே இல்லாம ராத்திரில மொத்தமா கணக்கு போடுற ஜாப் ஓட்டிட்டு இருக்குற பெட்டியெல்லாம் இதுல எங்க வரப் போகுது? நான் சர்வீஸ் கம்பெனில ஜாவா எழுதுறவன், கிளையண்ட்னா பேங்க், இன்சூரன்ஸ் வகையறா. எங்க பக்கத்துல இருந்து பாத்தா 29லாம் ரொம்ப கம்மி நம்பர்.

சரி, முதல்ல ப்ராடக்ட்.

2014 மார்ச் 18ல ரிலீஸ். அதுக்கு முந்தின வருஷமே வந்திருக்க வேண்டியது, அப்ப ப்ரவுசர்ல ஓடுற ஜாவா ப்ளகின்ல வாரத்துக்கு ஒரு ஓட்டை வெளிய வந்துட்டு இருந்த நேரம், செக்யூரிட்டிய கவனிக்கப் போனதுல டேட் தள்ளிப் போச்சு. தள்ளி வந்தாலும் வந்த விதம் இருக்கே. அதுக்கு முன்னாடி ஒரு லிஸ்ட்ட பேர் வாரியா சார்ட் பண்ணணும்னா அனானிமஸ் இன்னர் க்ளாஸ்னு ஒன்ன எழுதணும், அஞ்சு வரி பில்டப், நடுவுல ஒரே ஒரு வரி வேலை. லேம்டா, அதாவது சின்ன ஃபங்ஷன பேர் வைக்காம அங்கயே எழுதுற வசதி, வந்ததும் அது மொத்தமும் ஒரு வரில முடிஞ்சுச்சு. லிஸ்ட்ட வடிகட்டி மாத்தி எடுக்குற ஸ்ட்ரீம் வந்ததும் ஃபார் லூப்புக்குள்ள ஃபார் லூப் போட்டு அதுக்குள்ள இஃப் போட்டு வச்சிருந்ததெல்லாம் படிக்கிற மாதிரி ஆச்சு, படிக்கவே முடியாத மாதிரி இருபது வரிக்கு ஸ்ட்ரீம் சங்கிலி கோக்குற ஆளுங்களும் அப்பதான் கிளம்புனாங்க, அது வேற கத.

எனக்குப் பிடிச்சது தேதி, நேரத்தக் கையாளுற டேட் டைம் ஏபிஐ. பழைய டேட் க்ளாஸ்ல ஜனவரின்னா 0, டிசம்பர்னா 11, வருஷத்துல 1900 கழிச்சுக் குடுக்கணும், யார் உக்காந்து யோசிச்சாங்களோ. அத விட மோசம், தேதிய எழுத்தா மாத்துற சிம்பிள் டேட் ஃபார்மேட். அத ஸ்டாட்டிக்கா ஒரு இடத்துல வச்சுட்டு ஒரே நேரத்துல ஓடுற எல்லா த்ரெட்டும் எடுத்து யூஸ் பண்ணா ஒருத்தரோட டேட் இன்னொருத்தர் ஸ்டேட்மென்ட்ல போய் உக்காரும், அதுவும் எப்பவாச்சும் லோடு இருக்குறப்ப மட்டும், டெஸ்டிங்ல வரவே வராது. ஜோடா டைம்னு லைப்ரரி எழுதுன ஸ்டீபன் கோல்போர்ன்தான் ஜேஎஸ்ஆர் 310ங்குற பேர்ல ஜாவா 8க்குள்ள புது ஏபிஐய கொண்டு வந்தாரு. அதுக்கு மட்டுமே ஒரு ஸ்டார் குடுக்கலாம். க்ளாஸுக்குன்னு தனியா ஒதுக்கி வச்சிருந்த பெர்ம்ஜென் மெமரியத் தூக்குனதும் இதுலதான், டாம்கேட் சர்வர்ல நாலு தடவ ரீடிப்ளாய் பண்ணா செத்துப் போறது அதோட போச்சு.

இவ்ளோ நல்லா இருந்ததுதான் வினையே. 6ல இருந்தவன், 7ல இருந்தவன் எல்லாம் ஆசப்பட்டு 8க்கு வந்தான், வந்தவன் கால நீட்டி உக்காந்துட்டான். அடுத்தது ஜாவா 9, 2017 செப்டம்பர்ல வருது, மூணரை வருஷம் கழிச்சு. வந்ததும் மாட்யூல்னு ஒன்னக் கொண்டு வந்து பாதி லைப்ரரிய உடைச்சு வச்சுது, அதுக்கு லாங் டெர்ம் சப்போர்ட்டும், அதாவது பல வருஷத்துக்கு அப்டேட் தர்ற ஏற்பாடும், கிடையாது. அதனால எல்லாரும் 11க்கு வெயிட் பண்ணலாம்னு முடிவு பண்ணாங்க, நியாயமான முடிவு. 11 வந்துச்சு 2018 செப்டம்பர்ல. நாலே மாசத்துல லைசென்ஸ் குண்டு விழுந்துச்சு.

இந்த இடத்த கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா நிறைய ஆபீஸ் மாட்டிக்கிட்டது இங்கதான். 2019 ஜனவரில, ஜாவாவ வச்சிருக்குற ஆரக்கிள் கம்பெனி ஜாவா 8க்கு கமர்ஷியல் யூஸ்ல இலவசமா குடுத்த கடைசி அப்டேட் 202. ஏப்ரல்ல வந்த அப்டேட் 211ல இருந்து லைசென்ஸ் மாறிடுச்சு, ப்ரொடக்ஷன்ல போடணும்னா காசு. உடனே லீகல் டீம்ல இருந்து மெயில், "யாரும் ஜாவா அப்டேட் பண்ணக் கூடாது". டெவலப்பருக்கு அது ஆர்டர், ஆப்ஸ் டீமுக்கு அது பாலிசி, ரெண்டு வருஷம் போனா மெயில் அனுப்புன ஆளே கம்பெனில இருக்க மாட்டாரு, பாலிசி மட்டும் இருக்கும். இத்தனைக்கும் அதே ஜாவா 8 ஓபன் சோர்ஸ்ல ரெட் ஹாட் தலைமைல தொடர்ந்து பேட்ச் (ஓட்டை அடைக்கிற அப்டேட்) ஆகிட்டே வந்துச்சு, அமேசான் 2018 நவம்பர்லயே கொரெட்டோன்னு பேர் வச்சு இலவசமா குடுக்க ஆரம்பிச்சுட்டான், அதே மாதிரி இலவசமா அசூல் ஸூலு இருக்கு, இப்ப டெமுரின் இருக்கு. இறக்கிப் போட்டா முடிஞ்சது. ஆனா "ஆரக்கிள் இல்லாத ஜாவா ஜாவாதானா"ன்னு டவுட்லயே 202ல நின்னுட்டாங்க.

அதனால ஒரு ஆபீஸ் "நாங்க ஜாவா 8"னு சொன்னா எனக்கு அது பாதித் தகவல்தான். 8ல இருக்குறது வேற, 202ல நிக்கிறது வேற. பேட்ச் பண்ணின 8ல இருக்குற ஆபீஸ் ஒரு முடிவு எடுத்து இருக்குது. 202ல இருக்குற ஆபீஸ் எந்த முடிவும் எடுக்காம இருக்குது. எனக்குக் கடுப்பு ரெண்டாவது வகை மேலதான்.

202ல நிக்கிறதுக்கு என்ன அர்த்தம்னு ரெண்டு விஷயம் சொல்றேன். நெட்வொர்க்ல போற டேட்டாவ பூட்டி அனுப்புற டிஎல்எஸ் முறையோட 1.3 வெர்ஷன் அதுல கிடையாது, ஜாவா 8க்கு அது 2020லதான் பின்னாடி சேத்துக் குடுத்தாங்க. அடுத்தது டைம்ஸோன். எந்த நாட்டுல எப்ப கடிகாரத்த மாத்துறாங்கங்குற டேட்டா ஜாவாவுக்குள்ளயே வரும். 2019 ஜனவரில வந்த 202க்கு அதுக்கு அப்புறம் நடந்தது எதுவும் தெரியாது. பிரேசில் 2019ல டேலைட் சேவிங்கத் தூக்கிட்டான், மெக்ஸிகோ 2022 அக்டோபர்ல பெரும்பாலான இடத்துல தூக்கிட்டான். மெக்ஸிகோ சிட்டி கிளையண்ட்டுக்கு ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் உங்க ரிப்போர்ட் ஒரு மணி நேரம் தள்ளிக் காட்டும், எவனும் கோட்ல தப்பு பண்ணிருக்க மாட்டான், விடிய விடிய தேடினாலும் கோட்ல கிடைக்காது. அந்த டேட்டாவ மட்டும் தனியா மாத்துறதுக்கு டூல் இருக்கு, ஆனா அத ஓட்டணும்னு யோசிக்கிற ஆபீஸ் 202ல நின்னிருக்காது.

சரி திடீர்னு ஞானம் வந்து 202ல இருந்து லேட்டஸ்ட் 8க்குப் போனா? அங்கயும் ஒரு அடி உண்டு. 2021 ஏப்ரல் அப்டேட்ல டிஎல்எஸ் 1.0, 1.1 ரெண்டையும் டீஃபால்ட்டா ஆஃப் பண்ணிட்டாங்க. ஒரு கிளையண்ட் இடத்துல பேட்ச் போட்ட அன்னிக்கு ராத்திரி எல்லாம் பச்சை, காலைல ஃபைல் அனுப்புற ஒரு பார்ட்னர் பக்கம் ஹேண்ட்ஷேக் ஃபெயில், கனெக்ஷனே ஆகல. அந்தப் பார்ட்னர் சர்வர் இன்னும் 1.0 மட்டும்தான் பேசிட்டு இருந்திருக்கு, இத்தன வருஷமா நம்ம பழசும் அவன் பழசும் ஒத்துமையா இருந்திருக்காங்க, ஒருத்தன் திருந்துனதும் சண்டை. ரோல்பேக், பழசுக்கே திரும்பியாச்சு. அப்புறம் "பாத்தீங்களா, பேட்ச் பண்ணா உடையுது"ன்னு அதையே உதாரணமா வச்சு அடுத்த பேட்ச்சையும் தள்ளினாங்க.

தினசரி யூசேஜுக்கு வருவோம். இன்னிக்கு 8ல கோட் எழுதுறது எப்படி இருக்குன்னா, பொழைக்கலாம். ரெக்கார்ட் இல்ல, அதனால நாலு ஃபீல்டு வச்ச க்ளாஸுக்கு கெட்டர் செட்டர் ஈக்வல்ஸ் ஹேஷ்கோட்னு ஒரு பக்கம், இல்லன்னா அதெல்லாம் தானா போட்டுத் தர்ற லோம்போக் லைப்ரரி. டெக்ஸ்ட் ப்ளாக் இல்ல, அதனால நாப்பது வரி எஸ்க்யூஎல்ல டபுள் கோட்ஸ் ப்ளஸ் டபுள் கோட்ஸ் ப்ளஸ்னு ஒட்டி ஒட்டி எழுதணும், வரிக் கடைசில ஒரு ஸ்பேஸ் போட மறந்துட்டா எஸ்க்யூஎல்ல வர்ற "வேர்" (where) பக்கத்து வார்த்தையோட ஒட்டிக்கும், டேட்டாபேஸ் கத்தும். டைப்ப எழுதாம விட உதவுற வார் (var) இல்ல, ஒரே வரில லிஸ்ட் போடுற லிஸ்ட் ஆஃப் இல்ல. இதெல்லாம் சுகம், இல்லாட்டியும் கை உடைஞ்சு போகாது.

உண்மைலயே வலிக்கிறது நல் பாயிண்டர், அதாவது காலியா (நல்) இருக்குற ஒன்னுகிட்ட வேலை கேட்டா வர்ற எரர். ஆர்டர்ல இருந்து கஸ்டமர், கஸ்டமர்ல இருந்து அட்ரஸ், அட்ரஸ்ல இருந்து சிட்டின்னு ஒரே வரில புள்ளி வச்சு போயிருப்பான். ப்ரொடக்ஷன்ல அந்த வரில நல் பாயிண்டர். ஜாவா 8 லாக் என்ன சொல்லும்? வரி நம்பர் 214. அவ்ளோதான். மூணுல எது நல்? தெரியாது, லோக்கல்ல ரீப்ரொட்யூஸ் பண்ணிப் பாரு, இல்ல லாக் சேத்து இன்னொரு ரிலீஸ் போடு. ஜாவா 15ல இருந்து அது டீஃபால்ட்டா தெளிவாச் சொல்லிடும், கெட் கஸ்டமர் குடுத்தது நல், அதனால கெட் அட்ரஸ கூப்பிட முடியலன்னு. ஒத்த லைன் மெசேஜ். ஆன்கால்ல ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்தவனுக்குத்தான் அதோட அருமை தெரியும். அப்க்ரேடுக்கு ஆர்ஓஐ (போட்ட காசுக்கு வருமானம்) என்னன்னு கேக்குற மேனேஜருக்கு நான் முதல்ல காட்டுறது இததான்.

தமிழ் சம்பந்தப்பட்ட ஒன்னும் இருக்கு, இத யாரும் ரிவ்யூல எழுத மாட்டாங்க. ஜாவா 18க்கு முன்னாடி, ஃபைல எந்த என்கோடிங்ல (எழுத்த நம்பரா வைக்கிற முறை) படிக்கிறதுன்னு நீங்க சொல்லலன்னா அது ஆபரேட்டிங் சிஸ்டத்தப் பாத்து முடிவு பண்ணும். விண்டோஸ் லேப்டாப்னா பெரும்பாலும் 1252ங்குற மேற்கத்திய கோட் பேஜ். எல்லா மொழி எழுத்தும் அடங்குற யூடிஎஃப் 8 என்கோடிங்ல சேவ் பண்ணின தமிழ்ப் பேர அதுல படிச்சா ஒவ்வொரு எழுத்துக்கும் தலைக்கு மேல கோடு போட்ட ஒரு குட்டி ஏ, அது பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர், இப்படியே வரிசையா வரும். "தமிழ்ச்செல்வி"ங்குற பேர் ஏதோ ட்ரேட்மார்க் வழக்கு மாதிரி ப்ரிண்ட் ஆகும். எழுதுறப்ப இன்னும் மோசம், எல்லாம் கேள்விக்குறி, ஒரிஜினல் டேட்டாவே போயிடும். டெவலப்பரோட மேக்ல நல்லாத் தெரியும், லொக்கேல் செட் பண்ணாத கன்டெய்னர்ல போட்டா திரும்பவும் கேள்விக்குறி. ஃபைல் என்கோடிங் ஃப்ளாக் ஒன்ன ஸ்டார்ட்டப்ல போட்டா சரியாகும், ஆனா அந்த ஃப்ளாக் இருக்கான்னு ஒவ்வொரு என்விரான்மென்ட்லயும் ஒருத்தன் போய்ப் பாக்கணும். ஜாவா 18ல இருந்து எங்கயும் யூடிஎஃப் 8தான், பேச்சே இல்ல. நியாயமா சொல்லணும்னா இன்னொரு பக்கமும் சொல்லணும், ஜாவா 9ல ஸ்ட்ரிங்குக்கு மெமரி பாதியாகும்னு சொன்னாங்கல்ல, அது லத்தீன் எழுத்துக்கு மட்டும்தான், தமிழ்ல ஒரு எழுத்து உள்ள வந்தாலும் அந்த ஸ்ட்ரிங் முழுக்க பழையபடி ரெண்டு பைட். அங்க நமக்கு ஒன்னும் கிடைக்கல.

செக்யூரிட்டி. இதுல ரெண்டு பக்கமும் கத இருக்கு, ஒரு பக்கம் மட்டும் சொன்னா ஏமாத்துன மாதிரி ஆயிடும். 2021 டிசம்பர்ல லாக் எழுதுற லாக்ஃபோர்ஜே லைப்ரரியோட ஓட்டை வெடிச்சப்ப ஃபிக்ஸ் முதல்ல ஜாவா 8க்கு வந்துச்சு, ஜாவா 7லயும் 6லயும் இருந்தவங்களுக்கு தனி ரிலீஸ் அப்புறமாத்தான் வந்துச்சு. அது வரைக்கும் அவங்க அந்த லைப்ரரியோட ஜார் ஃபைல பிரிச்சு உள்ள இருக்குற ஒரு க்ளாஸ கையால டெலீட் பண்ணிட்டு இருந்தாங்க. பழசுல இருக்குறதுக்கு விலை என்னன்னு அன்னிக்குத் தெரிஞ்சுச்சு. ஆனா நாலு மாசம் கூட ஆகல, 2022 மார்ச் கடைசில ஸ்ப்ரிங்குங்குற ஜாவா ஃப்ரேம்வொர்க்ல ஒரு ஓட்டை வந்துச்சு, அந்த அட்டாக் வேலை செய்யணும்னா ஜாவா 9 இல்லன்னா அதுக்கு மேல இருக்கணும். ஜாவா 8 கோஷ்டி அன்னிக்கு ஆடுன ஆட்டம் இருக்கே, "நாங்கதான் அப்பவே சொன்னோம்ல". அடப்பாவிங்களா, நீங்க எங்கய்யா சொன்னீங்க, உங்களுக்கே அன்னிக்குத்தான் தெரியும். இன்னும் சொல்லப் போனா அதே ஸ்ப்ரிங்தான் இப்ப இவங்க கழுத்தப் பிடிக்குது. ஸ்ப்ரிங் மேல கட்டுன ஸ்ப்ரிங் பூட் 3 வந்தது 2022 நவம்பர்ல, மினிமம் ஜாவா 17. பூட் 2.7க்கு இலவச சப்போர்ட் 2023லயே முடிஞ்சுது. ஜாவா 8க்கு பேட்ச் வருது, அதுக்கு மேல உக்காந்திருக்குற ஃப்ரேம்வொர்க்குக்கு இலவச பேட்ச் வராது.

மக்கள் இத மிஸ் பண்றாங்க. ஆரக்கிள் காசு குடுத்தா 2030 டிசம்பர் வரைக்கும் ஜாவா 8க்கு சப்போர்ட், கொரெட்டோவும் 2030 வரைக்கும் தர்றான், அப்புறம் என்னன்னு கேப்பாங்க. வீட்டுல அம்மா வச்சிருக்குற பழைய மிக்ஸி மாதிரிதான், மோட்டார் கும்முனு ஓடும், கடைல அதுக்கு ஜார் கிடைக்காது. டெஸ்ட் எழுதுற லைப்ரரி மாக்கிட்டோ 5க்கு ஜாவா 11 வேணும். அதே டெஸ்ட் வேலைக்கான ஜேயூனிட் 6க்கு 17 வேணும். சிஸ்டத்துக்கு சிஸ்டம் மெசேஜ் கடத்துற காஃப்கா 4 2025 மார்ச்ல வந்துச்சு, க்ளையண்ட் பக்கமே 11, ப்ரோக்கருக்கு 17. பெரிய டேட்டாவ அலசுற ஸ்பார்க் 4க்கு 17. பில்டு ஓட்டுற ஜென்கின்ஸ் எப்பவோ 8ல ஓடுறத நிறுத்திட்டான். நீங்க ஜாவா 8 கோட் எழுதுற இன்டெல்லிஜே இருக்கே, 2024.2 வெர்ஷன்ல இருந்தே அது உள்ளுக்குள்ள ஓடுறதுக்கு குறைஞ்சது 21 வேணும். 2024 ஏப்ரல்ல வந்த மைன்க்ராஃப்ட் 1.20.5க்கு ஜாவா 21 கட்டாயம், அக்கா பையன் கோழி வளக்குற கேமுக்கு 21, பேமெண்ட் ப்ராசஸிங்குக்கு 8.

இப்ப அந்த அரை ஸ்டார். மேல போறது ஈஸின்னு சும்மா சொல்ற ஆளு நான் இல்ல. 8ல இருந்து 11 இல்ல 17க்குத் தாண்டுறது மட்டும் ஒரு பெரிய சுவர்தான். ஜாவாக்குள்ளயே வந்த எக்ஸ்எம்எல் பைண்டிங்க 11ல வெளிய எடுத்துட்டாங்க, சோப் (SOAP) வெப் சர்வீஸ் வச்சிருக்குறவன் எல்லாம் தனியா டிபென்டென்ஸி சேக்கணும். நாஷார்ன்னு ஒரு ஜாவாஸ்க்ரிப்ட் இன்ஜின் இருந்துச்சு, இன்சூரன்ஸ் ரூல எல்லாம் அதுல எழுதி வச்சிருப்பாங்க, 15ல தூக்கிட்டாங்க. ஜாவாவோட உள் க்ளாஸ்ல ரிஃப்ளெக்ஷன்ங்குற பின்வாசல் வழியா நோண்டுற லைப்ரரி எல்லாம் 17ல செத்துரும், ஆட் ஓபன்ஸ்னு ஃப்ளாக் போட்டுப் போட்டு உயிரோட வைக்கணும். லோம்போக் பழைய வெர்ஷனா இருந்தா கம்பைலே ஆகாது. ஸ்டார்ட்டப் ஸ்க்ரிப்ட்ல மெமரி சுத்தம் பண்றத எழுதி வைக்கிற ஜிசி லாக்ல டேட் காட்டுறதுக்கு யாரோ எப்பவோ போட்ட ஒரு ஃப்ளாக் இருக்கும், 9ல இருந்தே அந்த ஃப்ளாக் இல்ல, அது ஒன்னுக்காக, ஜாவா கோட ஓட்டுற ஜேவிஎம் மொத்தமும் ஸ்டார்ட் ஆக மாட்டேன்னுடும். வெர்ஷன் நம்பரே 1.8ல இருந்து 11னு மாறிடுச்சா, "1.8"னு தேடுற ஷெல் ஸ்க்ரிப்ட் எல்லாம் "ஜாவா இன்ஸ்டால் ஆகல"ன்னு சொல்லும். இதுக்கெல்லாம் மேல ஐபிஎம்மோட வெப்ஸ்பியர் ட்ரெடிஷனல் சர்வர்ல இருக்குறவன் பாவம், அது 9வது வெர்ஷன் வரைக்குமே ஜாவா 8தான், அவன் ஜாவாவ மாத்தணும்னா சர்வரையே மாத்தணும். சோர்ஸ் இல்லாத வெண்டர் ஜார் ஒன்னு இருக்கும், வெண்டர் கம்பெனிய வேற கம்பெனி வாங்கி, அந்தக் கம்பெனிய இன்னொருத்தன் வாங்கியிருப்பான். இந்த மாதிரி மாட்டிக்கிட்டு, ஆனா 8ஐயாவது ஒழுங்கா மூணு மாசத்துக்கு ஒரு தடவ பேட்ச் பண்ற ஆபீஸும் இருக்கு. அந்த அரை ஸ்டார் அவங்களுக்குத்தான்.

ஆனா சுவர் ஒன்னுதான். அத ஏறிட்டா 17ல இருந்து 21, 21ல இருந்து 25 எல்லாம் ஒப்பிடவே வேணாம், எங்க டீம்ல 17ல இருந்து 21க்குப் போனது பில்டு ஃபைல்ல நம்பர் மாத்துறது, ரெண்டு மூணு லைப்ரரி ஏத்துறது, டெஸ்ட் ஓட்டுறதுன்னு முடிஞ்சுது. ஆபீஸ்ல மேல இருக்குறவங்களுக்கு இது புரியல. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் இதே கூத்துன்னு நெனைக்கிறாங்க. "இப்ப 17க்குப் போனா ரெண்டு வருஷத்துல திரும்பவும் பண்ணணும்ல, அதுக்கு இன்னும் வெயிட் பண்ணி மொத்தமா போயிடலாம்"னு ஒரு லாஜிக். இதே டயலாக்க 11க்கும் சொன்னாங்க, 17க்கும் சொன்னாங்க, 21க்கும் சொன்னாங்க, இப்ப 25க்கு சொல்லிட்டு இருக்காங்க.

எங்க மாதிரி சர்வீஸ் ப்ராஜெக்ட்ல இது எப்படி நடக்குதுன்னா, அப்க்ரேட் யாரோட காசுங்குற கேள்விலயே செத்துடும். கிளையண்ட் கேப்பான், "இதுல என் பிசினஸுக்கு புதுசா என்ன ஃபீச்சர் வருது?" ஒன்னும் வராது, வரவும் கூடாது, எதுவும் மாறாம இருக்குறதுதான் சக்ஸஸே. அதுக்கு எவன் பட்ஜெட் குடுப்பான். நம்ம கம்பெனி சொந்தக் காசுல பண்ணாது, பில்லிங் இல்லாத வேலை. கோட் மாத்துறது கூட பெரிய செலவு இல்ல, அதுக்கப்புறம் பழசு எதுவும் உடையலையான்னு முழு ரெக்ரெஷன் டெஸ்ட் ஓட்டி, யூஏடில, அதாவது யூசரே பாக்குற டெஸ்டிங்ல, பிசினஸ் ஆளுங்கள உக்கார வச்சு கையெழுத்து வாங்கணும்ல, அங்கதான் பணம். அது முடியுறதுக்குள்ள எதையும் மாத்தக் கூடாதுங்குற இயர் எண்ட் ஃப்ரீஸ் வந்துடும்.

இதுல அடி வாங்குறது யாருன்னு பாத்தா கடைசில சேந்த பையன்தான். எங்க டீமுக்கு ட்ரெய்னிங் முடிச்சு வந்தவன் முதல் வாரத்துல வந்து நின்னான்.

"அண்ணா, லோக்கல்ல நல்லா ஓடுச்சு, பைப்லைன்ல பில்டு உடையுது."

"என்ன யூஸ் பண்ண?"

"ரெக்கார்ட்ணா. ட்ரெய்னிங்ல 17லதான் பண்ணோம்."

"இங்க 8 தம்பி."

"சரிண்ணா... எப்ப மாத்துவாங்க?"

நான் "ரோட்மேப்ல இருக்கு"ன்னேன். அது எனக்கு என் லீடு சொன்ன பதில். அந்தப் பையன் இப்ப சாயங்காலம் வீட்டுல போய் 21ல தனியா ஒரு ப்ராஜெக்ட் பண்ணிட்டு இருக்கான், வேற எதுக்கு, இன்டர்வியூவுக்குத்தான். வெளிய போனா விர்ச்சுவல் த்ரெட் கேப்பாங்க, ஸ்ப்ரிங் பூட் 3 கேப்பாங்க, "எங்க ப்ராஜெக்ட்ல சான்ஸ் கிடைக்கல"ன்னா ஒரு தடவ ஓகே, நாலு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்ல அதையே சொல்ல முடியாது. அப்க்ரேட் பண்ணாததால மிச்சமாகுற காசு கிளையண்ட் கணக்குல, அதோட செலவு இவனோட சாயங்காலத்துல.

ஏஐ வந்துடுச்சே, அது பாத்துக்கும்னு ஒரு புது நம்பிக்கை இப்ப ஓடுது. அமேசான் சிஇஓ ஆண்டி ஜாஸ்ஸி 2024 ஆகஸ்ட்ல போஸ்ட் போட்டாரு, ஒரு அப்ளிகேஷன ஜாவா 17க்கு ஏத்த 50 டெவலப்பர் நாள் ஆனது அவங்க ஏஐ டூல்ல சில மணி நேரம் ஆயிடுச்சு, மொத்தத்துல 4,500 டெவலப்பர் வருஷம் மிச்சம்னு. அவங்க விக்கிற டூலுக்கு அவங்களே சொல்ற கணக்கு, அத மனசுல வச்சுக்கிட்டுதான் படிக்கணும். ஆனா வேலை செய்யுதான்னா செய்யுது. ஏஐ கூட வேணாம், ஓபன் ரீரைட்னு இலவசமா ஒன்னு இருக்கு, ஜாவாக்ஸ்னு ஆரம்பிக்கிற இம்போர்ட்ட எல்லாம் ஜகார்த்தான்னு மாத்துற மாதிரி ரெடிமேட் ரெசிபி இருக்கு, அந்த மூட்டை தூக்குற வேலைய அது பண்ணிடும். ஆனா யூஏடில கையெழுத்து போடுற ஆள எந்த டூலும் கூட்டிட்டு வராது, நாஷார்ன்ல எழுதின ப்ரீமியம் ரூலோட அர்த்தம் தெரிஞ்ச ஆளு ரிட்டையர் ஆயிட்டாருன்னா டூல் என்ன பண்ணும்.

சிரிப்பு என்னன்னா, டெக்னிக்கலா நாங்க எவ்ளோ சொல்லியும் அசையாத ஆபீஸ சில இடத்துல அசைச்சது ஆரக்கிளோட பில்லுதான். 2023 ஜனவரில ஜாவா சப்ஸ்க்ரிப்ஷன் விலைய மொத்த ஊழியர் எண்ணிக்கைக்குன்னு மாத்துனாங்க, ஆயிரம் பேருக்குள்ள இருந்தா தலைக்கு மாசம் 15 டாலர் லிஸ்ட் ப்ரைஸ். ஜாவா தொடுறவன் எத்தன பேருங்குற கணக்கே கிடையாது, எச்ஆர், அக்கவுண்ட்ஸ், பார்ட் டைம், உள்வேலைக்கு வர்ற கான்ட்ராக்ட் ஆளு எல்லாம் சேத்தி. அந்த எக்ஸெல் ஷீட்ட ஃபைனான்ஸ் ஒரு தடவ போட்டுப் பாத்ததும் "கொரெட்டோன்னா என்னப்பா"ன்னு கேட்டு மீட்டிங் வந்துச்சு. நாங்க கேட்டு வராத மீட்டிங்.

யாருக்கு இந்த ப்ராடக்ட் ஓகே? வெப்ஸ்பியர்ல மாட்டுன, புதுசா ஒன்னும் எழுதாத, இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல மூடப் போற சிஸ்டம்னா 8 போதும், பேட்ச் மட்டும் விடாதீங்க. இன்னும் ஃபீச்சர் எழுதிட்டே இருக்குற சிஸ்டம்னா வேணாம், ஒரே தாண்டலா 17 இல்ல 21க்குப் போயிடுங்க, 11ல இறங்கி நிக்காதீங்க, அங்க நின்னா இன்னொரு பத்து வருஷம். புது ப்ராஜெக்ட்ட 2025ல 8ல ஆரம்பிக்கிறவங்கள நான் பாத்திருக்கேன், அவங்களுக்கு ரேட்டிங் ஸ்கேல்ல இடமே இல்ல.

வேலை மாறுறவங்களுக்கு ஒன்னு. இன்டர்வியூல கடைசில "எதாவது கேக்கணுமா"ன்னு கேப்பாங்கல்ல, ப்ரொடக்ஷன்ல எந்த ஜாவான்னு கேளுங்க. 17, 21னா நல்லது. 8னு சொன்னா உடனே மூஞ்ச சுளிக்காதீங்க, எந்த அப்டேட்னு அடுத்த கேள்விய கேளுங்க. 400க்கு மேல ஒரு நம்பர டக்குனு சொன்னாங்கன்னா, அங்க யாரோ ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்காரு, தாராளமா சேரலாம். 202ன்னா சம்பளத்த கொஞ்சம் ஏத்திக் கேளுங்க. "அப்டேட்னா?"ன்னு திருப்பிக் கேட்டா கையில இருக்குற இன்னொரு ஆஃபர பாருங்க.